ஆசிரியருக்கான இணையவழி முதுமாணிக் கற்கைநெறி: எதை இணையத்துக்குக் கொண்டுபோவது, எதை வகுப்பறையில் விடுவது?

திருநெல்வேலி விரிவுரையாளர்:

ஆசிரியர்களுக்கான கல்வி முதுமாணிக் கற்கைநெறி ஒன்றை இணையவழியில் நடத்துவதற்கான முன்வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு யாழ்ப்பாணத்தில் எமது பல்கலைக்கழகத் துறையில் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் நானும் ஒருவன். இந்த வரைவு பீடச் சபைக்கும் மூதவைக்கும் (செனட் சபை) பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போய்விட்டால் அதன்பின் ஒரு வரியைத் திருத்துவதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகையால் படிக்கப்போகிறவர்களிடம் இப்போதே கேட்பது நல்லதென்று நினைக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டபோது நாங்கள் நடத்தியதை இணையவழிக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சனி, ஞாயிறுகளில் மண்டபத்தில் நிகழ்த்திய மூன்று மணிநேர விரிவுரையை அப்படியே சூமுக்குள் தூக்கி வைத்தோம்; மாணவர்கள் கமராவை மூடிவைத்துவிட்டுக் கறிக்குத் தேங்காய் துருவினார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. இப்போது எங்கள் முன்னுள்ள முதல் வரைவும் ஏறத்தாழ அதையே நிரந்தரமாக்குகிறது: எட்டுப் பாடங்கள், வார இறுதியில் நேரலை விரிவுரை, ஈற்றில் எழுத்துப் பரீட்சை, பிறகு ஆய்வேடு.

ஆசிரியர் முதுமாணிக்கு வரும்போது வெறுங்கையுடன் வருவதில்லை. திங்கள் காலை 7.30 மணிக்கு நாற்பது பிள்ளைகள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். மருத்துவ மாணவனுக்கு மருத்துவமனை நோயாளி எப்படியோ அப்படியே இவருக்கு அந்த வகுப்பறை. நேரடிக் கற்கைநெறியில் அவரை அங்கிருந்து பிரித்து எங்கள் மண்டபத்தில் உட்கார வைத்தோம். அவர் வகுப்பறையிலேயே இருந்துகொண்டு படிப்பதற்கான வாய்ப்பை இணையம் தருகிறது என்றால் அந்த வாய்ப்பைச் சுற்றியே கற்கைநெறி கட்டப்பட வேண்டும் என்பது என் வாதம். குழுவில் மற்ற இருவரும் இதை முழுமையாக ஏற்கவில்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

வடமராட்சிக் கணித ஆசிரியை:

விரிவுரையாளர் ஐயாவுக்கு வணக்கம். வகுப்பறையைப் பற்றிப் பேசுமுன் நேரத்தைப் பேசுவோம். இத்தகைய திட்டங்கள் எல்லாம் ஆசிரியரின் நேரத்தைக் கணக்கில் எடுக்காமலேயே எழுதப்படுகின்றன.

பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒன்பதாம் மட்ட முதுமாணிக்கு 30 கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் காட்டும் அலகுகள்) வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணிநேரம். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆக மொத்தம் 1500 மணிநேரம். இதை ஓராண்டில், ஐம்பது வாரங்களில் முடிப்பதாக விளம்பரம் செய்தால் வாரம் 30 மணிநேரம் வருகிறது. நான் பாடசாலையில் 7.30 முதல் 1.30 வரை, ஐந்து நாட்களும் நிற்பதைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 30 மணிநேரமே. அதாவது இன்னொரு முழுநேர வேலை. பத்தாம் மட்டத்துக்குப் போனால் 60 கிரெடிட்டுகள், அவற்றுள் ஆய்வுக்குரிய ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் குறைந்தது 100 மணிநேரம் என்று விதி.

விதி தவறென்று நான் சொல்லவில்லை. அந்த மணிநேரங்கள் எவையென்று யாரும் ஆசிரியருக்கு விளக்குவதில்லை என்பதே என் முறைப்பாடு. சூமில் இருந்த நேரத்தை மட்டும் படித்த நேரமாகக் கருதிக்கொண்டு சேர்ந்து, முதலாவது ஒப்படை வந்ததும் திகைத்து, இரண்டாவது தவணையில் விலகிப்போன நான்கு பேரை எனக்குத் தெரியும். மூவர் பெண்கள். இணையவழி என்றால் "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்று சொல்லப்படுகிறது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எத்தனை வேலை என்பதைச் சொல்கிறவர் நினைப்பதில்லை. சனிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு வந்த நாட்களில் குறைந்தபட்சம் விரிவுரை மண்டபக் கதவுக்கு வெளியே நின்று என்னை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

தீவக ஆசிரியன்:

ரீச்சர் சொன்ன கடைசி வரியை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதவுக்கு வந்துசேர நான் என்ன செய்யவேண்டும் என்பதையும் கேளுங்கள். நெடுந்தீவில் கற்பிக்கிறேன். சனிக்கிழமை காலை எட்டரை மணி விரிவுரைக்கு வருவதென்றால் வெள்ளிக்கிழமையே வள்ளம் ஏறவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல், அங்கிருந்து பஸ். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்பிய காலத்தில் வள்ளம் ஓடுமா என்பது காலையில்தான் தெரியும். வரவு 80 வீதம் இல்லையென்றால் பரீட்சைக்குத் தோற்ற முடியாதென்ற விதியை எழுதியவர் கடலைப் பார்த்ததில்லைப் போலும்.

எனக்கு இணையவழி வேண்டும். ஆனால் நேரலை வேண்டாம். சிக்னல் விழுந்து விழுந்து எழும்பும் இடத்தில் இரண்டு மணிநேரக் காணொளி வகுப்பு என்பது "சேர், உங்கள் குரல் கேட்கவில்லை" என்று மாறிமாறித் தட்டச்சு செய்வதில்தான் முடியும். தரவுச் செலவு வேறு.

ஓய்வுபெற்ற அதிபர், மானிப்பாய்:

தம்பிமாரும் பிள்ளைகளும் எழுதியவற்றை வாசித்தேன். தொலைவிலிருந்து படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிது என்பதுபோலப் பேசப்படுவதால் சிலவற்றை நினைவூட்ட விரும்புகிறேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை முறை 1858 இலிருந்து வருகிறது. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. எனக்குக் கற்பித்தவர்களில் சிலர் தபாலில் வந்த பாடக் குறிப்புகளை இராந்தல் வெளிச்சத்தில் படித்து அந்தப் பட்டத்தை எடுத்தவர்கள். பின்னர் 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. அச்சிட்ட பாடநூலும் இடைக்கிடை நேரடிச் சந்திப்புமாக அது ஆயிரக்கணக்கான ஆசிரியருக்குத் தமிழிலேயே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைக் கொடுத்தது. ஆகவே தொலைவு ஒரு குறைபாடு என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

என் கவலை வேறு. முப்பது ஆண்டுகள் அதிபராகவும் ஆசிரியராகவும் இருந்ததில் நான் கண்டது, முதுமாணிப் பட்டம் பெற்றுவந்த ஆசிரியரின் கற்பித்தலில் மறுநாள் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதுதான். பதவி உயர்வுக் கோவையில் ஒரு தாள் கூடியது, அவ்வளவே. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது ஐந்து 'ஈ' முறையில், அதாவது ஆங்கிலத்தில் 'E' எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில், கற்பிக்கச் சொன்னார்கள். சில நாட் கருத்தரங்கு ஒன்றில் அதை விளக்கினார்கள். விளக்கியவரும் அதற்கு முந்தின வாரந்தான் கேட்டு வந்திருந்தார். வகுப்பறையில் கரும்பலகையும் குறிப்புச் சொல்லுதலும் அப்படியே இருந்தன. அந்தக் கருத்தரங்குக்கும் உங்கள் முதுமாணிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டால், நேரடியா இணையவழியா என்பது அதற்கு விடையாகாது.

கொக்குவில் வாசகன்:

அதிபர் ஐயா சொன்னது உண்மை. பட்டம் சம்பளப் படிக்காகத்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

திருநெல்வேலி விரிவுரையாளர்:

ஒளிக்கத் தேவையில்லை, சம்பளப் படிக்காகப் படிப்பது இழிவும் அன்று. படிக்கு வந்தவர் படிப்போடு போகும்படி செய்வது எங்கள் வேலை. அதிபர் ஐயாவின் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். கற்கைநெறியின் ஒரு அலகை எடுத்து விளக்கினால் தெளிவாக இருக்கும்.

கணிப்பீடும் மதிப்பீடும் என்ற பாடம் பெரும்பாலான கல்வி முதுமாணிக் கற்கைநெறிகளில் உண்டு. வழக்கமாக என்ன நடக்கிறது? நம்பகம், தகுதி, கடினச் சுட்டி (வினாவுக்கு எத்தனை வீதத்தினர் சரியாக விடையளித்தனர் என்பது), பிரித்தறிச் சுட்டி (கெட்டிக்காரரையும் பின்தங்கியவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது) ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை விரிவுரையாளர் சொல்வார், மாணவர் எழுதுவார், பரீட்சையில் திருப்பி எழுதுவார். நான் முன்வைக்கும் அலகில் ஆசிரியர் தம் வகுப்பின் கடந்த தவணைப் பரீட்சை வினாத்தாளையும் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் கொண்டுவருகிறார். முதல் வாரம் இருபது நிமிட ஒலிப்பதிவு ஒன்றும் எட்டுப் பக்கக் குறிப்பும். இரண்டாம் வாரம் தம் வினாத்தாளின் பத்துப் பல்தேர்வு வினாக்களுக்குக் கடினச் சுட்டியையும் பிரித்தறிச் சுட்டியையும் கணக்கிட்டு, ஐவர் கொண்ட குழுவில் பகிர்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் பிழையாகவும் பின்தங்கிய பிள்ளைகள் சரியாகவும் எழுதிய வினா ஒன்று ஏறக்குறைய எல்லோருடைய தாளிலும் அகப்படும். ஏன் அப்படி நேர்ந்தது என்பதே மூன்றாம் வார உரையாடல். நான்காம் வாரம் அந்த வினாவைத் திருத்தி எழுதி வகுப்பில் மறுபடி கொடுத்துப் பார்க்கிறார். ஒப்படை என்பது இந்த நான்கு வார வேலையின் பதிவு. தனியாக ஒன்று எழுதவேண்டியதில்லை.

வடமராட்சி ரீச்சர் கேட்ட மணிநேரக் கணக்குக்கும் இதில் ஓரளவு விடை உண்டு. ஒரு ஆசிரியர் எப்படியும் வினாத்தாள் தயாரிக்கிறார், எப்படியும் திருத்துகிறார். அந்த வேலையே கற்றல் மணிநேரமாகக் கணிக்கப்பட்டால் 1500 இல் கணிசமான பகுதி பாடசாலை நேரத்துக்குள்ளேயே அமைந்துவிடும். ஓராண்டில் முடிப்பதென்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும்; இரண்டு ஆண்டு, 75 வேலை வாரங்கள், வாரம் 20 மணிநேரம், அதில் பாதி பாடசாலையிலேயே. உயர்தரப் பரீட்சை மேற்பார்வையும் விடைத்தாள் திருத்தும் பணியும் நடக்கும் வாரங்களில் எந்த ஒப்படையும் இருக்கக்கூடாது.

கணினிப் பிரிவு ஊழியன்:

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். காணொளி வகுப்பு ஒரு மணிநேரத்துக்குப் படத் தரத்தைப் பொறுத்து அரை ஜிகாபைற்றிலிருந்து ஒரு ஜிகாபைற்று வரை சாதாரணமாகவே இழுக்கும். வினாடிக்கு 32 கிலோபிற்று வீதம் பதிந்த பேச்சொலி ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 14 மெகாபைற்று மட்டுமே. ஐயா சொல்லும் இருபது நிமிடம் ஐந்து மெகாபைற்றுக்குள் அடங்கும், வட்ஸ்அப்பில் வரும் கலியாண வீட்டுக் காணொளியைவிடச் சிறியது. மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தின் கைபேசிச் செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பில்லாத இடத்தில் படித்து, சில வகை வினாக்களுக்கு விடையும் எழுதி, இணைப்பு வந்தவுடன் அனுப்பலாம். விரிவுரையாளர்கள் எங்களிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பவர்பொயின்ற் கோவையை ஏற்றித் தரும்படி மட்டுமே கேட்கிறார்கள்.

மூடிலின் முதற்பதிப்பு 2002 இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலக் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பாடங்கள் சிற்றலை வானொலியில் வந்தன. நெடுந்தீவுக்கு ஏற்ற கருவியாக அது இருப்பதில் வியப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. 2020 இல் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான தரவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் அறவிடாமல் விட்டன. அப்படியொரு சலுகை எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் மறக்கவேண்டாம். ஒப்படை முடிவுநேரம் இரவு 11.59 என்று வைப்பதை நிறுத்தி, மூன்று நாள் இடைவெளி ஒன்றைக் கொடுத்தால் பாதி முறைப்பாடுகள் எங்களிடம் வராது.

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்:

எட்டுப் பக்கக் குறிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யார், எந்தத் தமிழில் எழுதப்போகிறார்?

இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நேரடி விரிவுரையில் ஆங்கிலக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு விரிவுரையாளர் தமிழில் விளக்கிவிடுவார். மாணவருக்குப் புரியாத இடத்தில் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்வார். இணையத்தில் அந்த முகம் இல்லை. எழுதிவைத்த தமிழ் மட்டுமே ஆசிரியராக நிற்கவேண்டும். அண்மையில் ஒரு கற்கைநெறியின் குறிப்புகளைச் செம்மைப்படுத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தார்கள். ஆங்கிலப் பந்திகளை இயந்திரத்தில் போட்டு எடுத்திருந்தார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கற்பவருக்குத் தற்காலிகமாகத் துணைதந்து, அவர் தேறத் தேற அத்துணையை விலக்கிக்கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் கட்டட வேலையிலிருந்து ஒரு சொல்லை (scaffolding) எடுத்திருக்கிறார்கள். இயந்திரம் அதற்குச் "சாரம்" என்று கொடுத்திருந்தது. கட்டடத்துக்குப் பொருந்தும் தமிழ்ச்சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் சாரம் என்றால் இடுப்பில் உடுக்கும் லுங்கி; இங்கே "ஆசிரியர் படிப்படியாகச் சாரத்தை அகற்றவேண்டும்" என்று எழுதினால் அந்த வகுப்பில் அதற்குமேல் பாடம் நடக்காது. போதாக்குறைக்கு அந்த ஆங்கிலச் சொல்லை ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் தலையில் கட்டியிருந்தார்கள். அவர் அதைப் பயன்படுத்தவில்லை. 1976 இல் வுட், புரூணர், ரொஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையிலேயே அது வருகிறது.

என் வேண்டுகோள்: குறிப்புகளைத் தமிழிலேயே சிந்தித்து எழுதுங்கள், ஆங்கில வாசிப்பு அலகுக்கு ஒன்று இருக்கட்டும், அதற்கு இரண்டு பக்கத்தில் தமிழ் வழிகாட்டி ஒன்றும் இருக்கட்டும். ஆங்கிலத்தை முற்றாக விலக்கினால் ஆய்வேட்டின்போது ஆசிரியர் திண்டாடுவார். உள்ளூர் எடுத்துக்காட்டுகளுக்கு, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துக் கல்விச் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றை ஒப்படைக்குப் பயன்படுத்திய ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

வடமராட்சிக் கணித ஆசிரியை:

சாரத்தை வாசித்துவிட்டு ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன், மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

விரிவுரையாளர் ஐயா, அலகு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கசப்பான விடயத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பட்டணத்தில் ஒப்படையும் ஆய்வேடும் எழுதிக்கொடுக்கும் இடங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். என்னுடன் ஒரு கற்கைநெறியில் இருந்த ஒருவருடைய ஆய்வேட்டில் மாதிரியாக எடுக்கப்பட்ட பாடசாலைகள் வேறொரு மாவட்டத்தில் இருந்தன. அவர் அங்கே ஒருநாளும் போனதில்லை. அவருக்கும் பட்டம் கிடைத்தது. நான் ஒன்றரை வருடம் அலைந்து எடுத்த பட்டமும் அதே தாளில்தான் அச்சாகி வந்தது. இப்போது கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி சற்ஜிபிரி (ChatGPT) வந்த பிறகு கடைக்குப் போகும் செலவும் இல்லை. முழுக்க இணையவழி என்றால் இது எங்கே போய் நிற்கும்?

ஓய்வுபெற்ற அதிபர், மானிப்பாய்:

பிள்ளை கேட்ட கேள்வியே இந்த இழையின் நடுக் கேள்வி.

திருநெல்வேலி விரிவுரையாளர்:

ஆம், இதைத்தான் குழுவில் மற்ற இருவரும் என்னிடம் கேட்டார்கள், நானும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு கிழமையாக யோசித்ததில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

எழுதிக்கொடுப்பவரால் எழுத முடிவது எதையென்றால், எங்கும் பொருந்தும் கட்டுரையை. "ஆசிரியர் வாண்மை விருத்தியின் முக்கியத்துவம்" என்ற ஒப்படை கடைக்காரருக்கு அரைநாள் வேலை, இயந்திரத்துக்கு அரைநிமிட வேலை. அப்படிப்பட்ட ஒப்படையைக் கொடுக்கிற நாங்களும் அந்தக் கடையின் பங்காளிகளே. பதினேழாம் வினாவில் பிள்ளைகளில் பதினான்கு பேர் ஏன் "இ" என்ற விடையைத் தெரிந்தார்கள் என்று கேட்டால் அதற்குக் கடையில் விடை இல்லை. விடையைப் புனைந்தாலும், விடைத்தாளைத் திரையில் காட்டிப் பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வில் பேசச் சொன்னால் புனைவு நிற்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படியொரு வாய்மொழித் தேர்வு, மொத்தப் புள்ளியில் 40 வீதம் என்பது என் திருத்தம். ஆய்வேட்டையும், ஆசிரியர் தம் பாடசாலையிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து மாற்றம் செய்து பார்க்கும் செயல்நிலை ஆய்வாக வரையறுக்கலாம்.

கற்பித்தலைப் பார்ப்பதற்கும் வழி உண்டு. நுண்கற்பித்தல் 1963 இல் அமெரிக்காவின் ஸ்ரான்பேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; அந்த ஆரம்ப காலத்திலேயே சிறு பாடத்தை ஒளிப்பதிவு செய்து பார்த்துத் திருத்துவது அதன் அங்கமாகிவிட்டது. அன்று அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன, இன்று கைபேசி போதும். ஆனால் இதில் பிள்ளைகளின் முகம் பதிவாகிறது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் அதிபரின் அனுமதியும் இல்லாமல் ஒரு பதிவும் ஏற்றப்படக்கூடாது. கமரா ஆசிரியரையும் பலகையையும் மட்டும் நோக்கவேண்டும். பதிவுகள் பல்கலைக்கழகத் தளத்தில் மட்டும் இருந்து தவணை முடிவில் அழிக்கப்படவேண்டும். வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அந்த அலகு இரத்து. இந்த விதியில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும் என்பதுதான் உண்மையான இடர். சூம் விரிவுரையில் ஒருவர் இருநூறு பேருக்குப் பேசலாம். அதனால்தான் அது மலிவு. வாய்மொழித் தேர்வும் குழு உரையாடலும் இருபத்தைந்து பேருக்கு ஒரு வழிகாட்டியைக் கேட்கின்றன. கட்டணத்தில் நடக்கும் கற்கைநெறியில் மாணவர் தொகையைக் குறைப்பதென்றால் கட்டணம் ஏறும். குழுவில் சண்டை இதில்தான்.

கொக்குவில் வாசகன்:

ஏன் விரிவுரையாளர்களே எல்லாம் செய்யவேண்டும்? ஏற்கெனவே முதுமாணி முடித்துக் கல்வி வலயங்களில் ஆசிரிய ஆலோசகர்களாக இருப்பவர்களை வழிகாட்டிகளாக எடுங்கள். யாழ் மாவட்டத்தில் ஐந்து வலயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற அதிபர், மானிப்பாய்:

முதல் தடவையாகத் தம்பி ஒரு நல்ல விடயம் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு முதலில் அந்த அலகையே மாணவராக இருந்து படிக்கச் சொல்லுங்கள். படிக்காமல் வழிகாட்ட வந்தால் 2007 திரும்பவும் வரும். இன்னொன்று: தவணை விடுமுறையில், ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் இரண்டிரண்டு நாள் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுங்கள். முகமறியாத ஐவர் ஒருவருக்கொருவர் குறை சொல்ல மாட்டார்கள்; "நன்று, நன்று" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றாகச் சோறு சாப்பிட்டவர்கள்தான் "உமது வினா பிழை" என்று சொல்வார்கள்.

திருநெல்வேலி விரிவுரையாளர்:

ஐயா சொன்ன ஆறு நாட்களையும் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை நேரலை விரிவுரையை வரைவிலிருந்து எடுக்கிறேன். ஆலோசகர்களை வழிகாட்டிகளாக்குவது பற்றி வலயங்களோடு பேசவேண்டும். ரீச்சருக்காக ஒன்று: சேரும் நாளிலேயே வாராந்த மணிநேரக் கணக்கு ஒரு தாளில் கையில் தரப்படும், வீட்டிலுள்ளவர்களுக்கும் காட்டும்படி.

கணிப்பீட்டு அலகை மட்டும் முழுமையாகத் தயாரித்து, பதிவும் கட்டணமும் இல்லாமல் சிலரிடம் கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன். மூதவைக்குப் போகுமுன் எது உடைகிறது என்று தெரியவேண்டும். யார் வருகிறீர்கள்?

வடமராட்சிக் கணித ஆசிரியை:

நான் வருகிறேன். பத்தாம் ஆண்டு இரண்டாம் தவணைத் தாள் முப்பத்தெட்டு இருக்கிறது, அலுமாரியில்தான். வாரத்தில் செலவழித்த மணிநேரத்தையும் எழுதி வைப்பேன், உங்கள் 20 சரியா என்று பார்ப்போம்.

தீவக ஆசிரியன்:

நானும். ஒலிப்பதிவை வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ஏற்றிவிடுங்கள். குறிகட்டுவானில் சிக்னல் நன்றாக இருக்கும், வள்ளத்துக்கு நிற்கும் நேரத்தில் இறக்கிக்கொள்வேன். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.